பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

கொள்ளிடத்திலிருந்தும் திருமுல்லைவாசலிலிருந்தும் பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே!

இன்று பையன்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். நிறத்தையும் எடையையும் வைத்து ஊர் தங்களை அளப்பது பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். பையன்களுக்கும் அது நடக்கிறது. அவர்கள் வாய் திறப்பதில்லை.

நான் மனநல மருத்துவர். என்னிடம் வரும் இளைஞன் முதலில் தூக்கம் வரவில்லை என்பான். மூன்றாவது முறை வரும்போதுதான் தலையிலிருந்து தொப்பியை எடுப்பான். முடி கொட்டுகிறது. குரூப் போட்டோவுக்கு நிற்பதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் வீட்டில் சண்டை. ‘ஆம்பளைக்கு எதுக்குடா அழகு’ என்று சொல்லி வளர்த்த வீட்டில் இதை அவன் யாரிடம் சொல்வான்?

2005இல் ஆண்களுக்கென்றே சிவப்பழகு கிரீம் விற்பனைக்கு வந்தது. நடவு வயலில் கருத்த அப்பாவின் நிறம் மகனுக்குக் குறையாகிவிட்டது. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் அதன் பிறகு இறந்தே போனார். மருத்துவம் படித்த பிள்ளை! அந்தச் செய்தி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. உடம்பு ஏற்ற ஸ்டீராய்டு ஊசி போடுகிறவர்களுக்குக் கூச்சமில்லாமல் சொல்கிறேன்: அது விந்தணுவைக் குறைக்கும், இதயத்தையும் கெடுக்கும்.

அம்மை வடு நிறைந்த முகத்தோடுதான் நாகேஷ் 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் நாயகனானார். உங்கள் ஊர்க்காரர் சீர்காழி கோவிந்தராஜன் 1972இல் குறுமுனி அகத்தியராகவே திரையில் நின்றார். ஆனால் அவர்களைக் காட்டி, ‘திறமை இருந்தால் தோற்றம் பொருட்டில்லை’ என்று உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. அதுவும் ஒரு சுமைதான். எதையும் சாதிக்காத, சாதாரணமான, வழுக்கை விழுந்த ஒருவனுக்கும் கூசாமல் வீதியில் நடக்க உரிமை உண்டு.

பெற்றோர்களே, உறவுக்காரர் முன்னால் மகனின் உயரத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

தம்பிகளே, கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நின்று மனம் நொந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல எண், தமிழிலேயே பேசலாம். இன்னொன்றும் கேட்கிறேன். மூன்று வருடமாக ‘சொட்டை’, ‘கட்டை’, ‘கருவாயா’ என்று நீங்கள் கூப்பிட்ட நண்பன் இதே அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். வெளியே போனதும் அவனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.