புகாரை மூடி வைத்தவர் யார்?

(தேவதானப்பட்டியில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்தது விளையாட்டில் பெண்களுக்கு நேரும் அக்கிரமத்தைப் பற்றியாகும். கபடிக்கும் ஓட்டத்துக்கும் போகும் பெண் பிள்ளைகள் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆதலால் இது எங்கோ டில்லிக்காரர் சங்கதி என்று யாரும் எண்ண வேண்டாம்.

2023 ஜனவரியில் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் பூனியா முதலிய மல்யுத்த வீரர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது மல்யுத்த சம்மேளனத் தலைவராயும் பார்லிமெண்டு மெம்பராயும் இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங், பெண் வீரர்களிடம் தகாத முறையில் நடந்தார் என்பது புகார். அவர் அதை மறுத்தார். 2024 மே மாதம் கோர்ட்டு அவர் மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. வயது வராத பெண் சம்பந்தமான தனி வழக்கு 2025 மே மாதம் முடித்து வைக்கப்பட்டது. குற்றவாளியா அல்லவா என்று சொல்ல வேண்டியது கோர்ட்டு, நாமல்ல. நாம் கேட்பதெல்லாம், புகாரைக் கையில் வாங்கியவர்கள் செய்ததென்ன என்பதுதான்.

சர்க்கார் மேரி கோம் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. சம்மேளனத்தில் முறையான புகார்க் குழுவே இல்லையென்று அந்தக் கமிட்டி கண்டது. ஆனால் முழு அறிக்கையைப் பொதுஜனங்களுக்குக் காட்டவில்லை. போலீசார் வழக்குப் பதிவு செய்வதற்கே வீரர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. மே 28-ந் தேதி புதிய பார்லிமெண்டை நோக்கி நடந்தவர்களைப் போலீசார் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். டிசம்பரில் பிரிஜ் பூஷணுக்கு வேண்டியவரான சஞ்சய் சிங் தலைவரானதும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய சாக்ஷி, தம் பூட்சை மேஜை மேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தையே விட்டார். பதக்கம் வாங்கியவர் கதியே இதுவானால், பேர் தெரியாத ஏழைச் சிறுமியின் கதி என்ன?

உங்கள் ஊர் மூங்கிலணைக் காமாட்சி கோயிலில் அடைத்த கதவுக்கே பூசை நடக்கிறது. அதைப் பற்றிப் பேச இன்று வரவில்லை. ஆனால் ஒரு சங்கத்தின் கதவையும் அதன் அறிக்கையையும் அப்படி அடைத்து வைத்துக் கும்பிடச் சொன்னால், நாம் கும்பிடலாமா?

நிற்க, அமெரிக்காவைப் பாருங்கள். லாரி நாசர் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் டாக்டரைப் பற்றிய புகார் 2015-லேயே எஃப்.பி.ஐ. என்னும் மத்தியப் போலீசுக்குப் போயிற்று. அவர்கள் சும்மா இருந்தார்கள். அந்த இடைக்காலத்திலும் பெண்கள் கெடுக்கப்பட்டார்கள். 2018-ல் 150-க்கு மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் பேசினார்கள். 2024-ல் அமெரிக்க சர்க்கார் சுமார் 13 கோடியே 87 லட்சம் டாலர் நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டது. சும்மா இருந்த அதிகாரிகள் மீது கிரிமினல் வழக்கு இல்லை. பணம் கொடுத்தது வரி செலுத்தியவன். இது நியாயமா?

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 2013-ம் வருஷத்துச் சட்டப்படி 10 பேர் வேலை செய்யும் இடத்தில், விளையாட்டு நிலையம் உள்பட, பெண் தலைமையில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டமோ, குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைத் தெரிந்தும் சொல்லாதவனுக்குத் தண்டனை என்கிறது. தன் கீழ் வேலை செய்பவன் செய்ததை மறைக்கும் ஸ்தாபன நிர்வாகிக்கு ஒரு வருஷம் வரை சிறை. ஆகவே மூடி வைப்பதும் குற்றமே.

சிலர், "வெளியே சொன்னால் மானம் போகும், பெண்ணை அனுப்பாமலிருப்பதே மேல்" என்பார்கள். மானம் போக வேண்டியது செய்தவனுக்கா, செய்யப்பட்டவளுக்கா? திருட்டுக்குப் பயந்து யாராவது விவசாயத்தை விடுகிறார்களா?

ஆகையால் தோழர்களே! பெண்ணைத் தைரியமாக மைதானத்துக்கு அனுப்புங்கள். அனுப்புமுன், புகார்க் குழுவில் யார் யார் என்று எழுதிப் போட்ட பலகை எங்கே என்று கேளுங்கள். குழந்தை சொன்னால் நம்பிக் கேளுங்கள், 1098-க்குச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு மூடி வைத்தவன் எவனானாலும் அவனையும் கூண்டில் நிறுத்தும் வரை விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.