பாலி இலக்கணம் படிப்படியாய்க் கற்றல்

(திண்டிவனம் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலை விழுப்புரத்தில் வண்டியேறிய நாம், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்னும் நிலையங்களைக் கடந்தே திண்டிவனம் சேர்ந்தோம். மொழிப்பயிற்சியும் அத்தகையதே. இதனையறியாது, பாலி கற்கப் புகுந்தபொழுது கச்சாயனர் இலக்கணத்தையே முதலிலெடுத்து, சூத்திரங்களுட் சிக்குண்டு, ஈராண்டிற் கைவிட்டோம்.

பின்னர் இலங்கைப் புத்ததத்த தேரர் (1887–1962) இயற்றிய பாடநூல்கள் கிடைத்தன. ‘புதிய பாலிப் பாடம்’ இரண்டு பாகம். அதன்மேல் ‘உயர்தரப் பாலிப் பாடம்’. சிறு பெயரும் சிறு வினையும் கொண்டு வாக்கியம் அமைப்பதே தொடக்கம்; புணர்ச்சி, தொகை முதலியன பின்னரே வரும். நூல் ஆங்கிலத்திலுள்ளமையால், பள்ளியிற் பயிலும் நம் மகள் பொருள் கூறுவாள். நாம் இலக்கணம் கூறுவோம்.

தமிழ் கற்றார் அஞ்சவேண்டுவதில்லை. வடமொழியிலுள்ள இருமை பாலியில் இல்லை, தமிழிற்போல ஒருமை பன்மை இரண்டே, வேற்றுமையும் எட்டே. கச்சாயனர் கணக்கில் எழுத்து 41.

படிமுறையும் நமக்குப் புதிதன்று. கச்சாயனர் சூத்திரங்களை மாணவர்பொருட்டு முறைமாற்றி ‘ரூபசித்தி’ இயற்றிய புத்தப்பிரியர் சோழநாட்டவரே. அவர் நாட்டில் இன்று அந்நூலைப் படிக்கவல்லார் எத்துணைப் பேர்?

நூற்பொருளைப் பிறர் சொல்லக் கேட்டே நம்மவர் நெடுங்காலம் பழகிவிட்டனர். தம்மபதத்தை நாமே ஓதி, நாமே பொருளறிய வேண்டாவா? பெற்றோரே! பிள்ளை முதற்புத்தகத்தில் நெடுநாள் தங்கினால் நகையாதீர். தங்குதல் இழுக்கன்று, தாவுதலே இழுக்கு. நாற்பது கடந்த நாமும் ‘புத்தோ, புத்தா’ என இன்னும் உருப்போடுகின்றோம். விரும்புவோர் ஞாயிறுதோறும் வருக, முதற்பாடத்திலிருந்தே தொடங்குவோம்.