ஓசூருக்கே வந்துவிடலாமா?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார். ஆனால் நம் நண்பர்கள் எனக்குப் போன் செய்தால் இப்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். "பெங்களூர் போதும்னு தோணுதுடா, ஓசூருக்கே வந்துடலாமா?" தருமபுரிக்காரனும் கேட்கிறான், காவேரிப்பட்டினத்துக்காரனும் கேட்கிறான். ஓசூரில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஆகவே இன்று அதையே எடுத்துக்கொள்கிறேன். இதிலும் கணக்கு உண்டு, செயலாளர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சொந்த ஊருக்குத் திரும்புவது என்றால் பொதுவாக என்ன அர்த்தம்? சம்பளம் குறையும், வேலை போனால் அடுத்த வேலை அந்த ஊரில் கிடைக்காது. ஓசூர் அப்படிப்பட்ட ஊர் அல்ல. எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை. அதே வருடம் டி.வி.எஸ். 50 மொபெட். எண்பதுகளின் பின்பாதியில் டைட்டன் வந்து, பள்ளிப் படிப்பு முடித்த நம் கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துக் கடிகாரம் செய்யக் கற்றுக்கொடுத்தது. இப்போது ஓசூரை ஒட்டி டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர். இந்தப் பெரிய பெயர்களுக்குப் பின்னால் டை செய்பவர், காஸ்டிங் செய்பவர், கியர் வெட்டுபவர் என்று சிறு கம்பெனிகள் எத்தனையோ. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பெங்களூர் வெறும் நாற்பது கிலோமீட்டர். ஒரு வேலை போனால் குடும்பத்தைக் கிளப்பாமல் இன்னொரு வேலை தேடலாம். தேனிக்கோ திருவாரூருக்கோ திரும்புகிறவனுக்கு இந்த வசதி கிடையாது.

ஆனால் நண்பர்கள் கேட்பது இதை அல்ல. "வேலை அங்கேயே இருக்கட்டும், வீடு மட்டும் இங்கே" என்கிறார்கள். இங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

வாடகை நிச்சயம் குறைவு. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டே பழக்கம், அந்தச் சுமையும் இங்கே இல்லை. எல்லோரும் உடனே காட்டுவது இந்த மிச்சத்தைத்தான். ஒரு நாளைக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வையுங்கள். மாதம் 22 நாள் வேலை. 66 மணி நேரம் ரோட்டில். எட்டு மணி ஷிஃப்டாகக் கணக்கிட்டால் மாதம் எட்டு ஷிஃப்டுக்கு மேல் சம்பளமில்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மிச்சமாகும் வாடகையை இந்த 66-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற தொகை உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தைவிடக் குறைவு என்றால் வாடகை மலிவு என்று சொல்லாதீர்கள்.

2010-ல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தார்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பொம்மசந்திராவுக்கு இந்தப் பக்கம் அத்திப்பள்ளியும் ஜூஜூவாடியும் அப்படியேதான் இருக்கின்றன. மெட்ரோ ஓசூர் வரை வரும் என்ற பேச்சை நம்பி வீட்டுக் கடன் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். விமான நிலையமும் அப்படித்தான். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார், மறுநாளே இங்கே மனை விலை பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வருவதற்குத் தடை இருக்கிறது என்பதை மனை விற்கிறவர் சொல்வதில்லை.

அடுத்தது எல்லை. சாதாரண நாளில் அது கண்ணுக்கே தெரியாது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது பஸ்கள் எல்லையோடு நின்றன, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே தாண்டினார்கள். 2020 ஊரடங்கில் அதே எல்லையைத் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். வீடு ஒரு மாநிலம், வேலை இன்னொரு மாநிலம் என்றால், ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கோடு ஞாபகம் வரும்.

கல்யாணமானவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், குழந்தைகள் விஷயம். கர்நாடகத்தில் தொழிற்கல்வி இடத்துக்குப் பொதுவாக ஏழு வருடம் அங்கே படித்திருக்க வேண்டும், அதோடு பத்தாவதோ இரண்டாம் பி.யு.சி.யோ அங்கே தேற வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவர்களிடம் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை அதை வாங்கி வர வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினருக்கு இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ச் சாதிச் சான்றிதழ் எல்லை தாண்டினால் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மொழியையும் மறக்காதீர்கள். முதல் வகுப்பிலிருந்து கன்னடம் படித்த பிள்ளையை ஒன்பதாவதில் கொண்டுவந்து தமிழ்ப் பரீட்சை எழுது என்றால் என்ன செய்யும்? வருவதானால் ஏழாம் வகுப்பு முடிவதற்குள் வாருங்கள். அதற்குப் பிறகு என்றால் பன்னிரண்டாவது முடியட்டும்.

மனைவியின் வேலையை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் வீட்டில் நான் சிப்காட்டில் டூல் ரூமுக்கு மாறிக்கொண்டேன், பத்து நிமிஷத்தில் வீடு. என் மனைவிக்கு சாஃப்ட்வேர் வேலை, அது எலக்ட்ரானிக் சிட்டியில்தான். வாரத்தில் மூன்று நாள் அவள்தான் எல்லை தாண்டுகிறாள். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாட்கள் கிடைத்த பிறகுதான் நாங்கள் வந்தோம், அது நின்றால் மறுபடியும் கூடிப் பேச வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். ஓசூரில் இன்ஜினீயருக்கு வேலை என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் வேலை. இரண்டு பேரும் அந்தத் துறை இல்லை என்றால் ஒருவர் பஸ் ஏறியே ஆக வேண்டும். அது யார் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள்.

சின்ன ஊர், சுத்தமான ஊர் என்று நினைத்து வருகிறவர்கள் கெலவரப்பள்ளி அணையை ஒரு தடவை பார்த்துவிட்டு வரவும். பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி அங்கே நுரையாகப் பொங்குகிறது. ஊரும் சின்ன ஊர் இல்லை, 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பாகலூர் ரோட்டில் சாயங்காலம் வண்டி ஓட்டிப் பாருங்கள், சில்க் போர்டு ஞாபகம் வரும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் குழந்தை இல்லை, கடன் இல்லை, ஆகவே கணக்கு வேறு. கேம்பஸில் ஓசூர் கம்பெனி வந்தால் ஊர் பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள். மெஷின் பக்கத்தில் நின்று இரண்டு வருடம் கற்றுக்கொண்டால் பெங்களூர் எங்கேயும் ஓடிவிடாது. நேற்றுவரை பெங்களூரில் இருந்த அண்ணன்மார்களுக்கு நான் சொல்வது, முதலில் வேலையை மாற்றுங்கள், பிறகு வீட்டை. இதைத் தலைகீழாகச் செய்தவர்களில் மூன்று பேர் எங்கள் தெருவிலேயே வீட்டைப் பூட்டி வாடகைக்கு விட்டுவிட்டு பொம்மனஹள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். குறிப்பாக ஏதாவது கேட்க வேண்டியவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.