உழைப்பாளர் தினமும் நமது கணக்கும்

(மே தினத்தன்று அஸர் தொழுகைக்குப் பின் நமது மதரஸா மண்டபத்தில் வணிகர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று விடுமுறை நாள். சிலர் குடும்பத்துடன் வெளியூர் சென்றிருப்பார்கள். சிலர் உறவினர் வீட்டு விருந்துக்குச் சென்றிருப்பார்கள். சிலர் லுஹர் வரை உறங்கியிருப்பார்கள். இவற்றில் எதுவும் குற்றமன்று. ஆயினும், இந்த விடுமுறை யாரால் கிடைத்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எட்டு மணி நேர வேலை கோரி, 1886ஆம் ஆண்டு மே 1 அன்று அமெரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மே 4 அன்று சிகாகோ நகரின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்த வழக்கில் நால்வர் 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர். 1889இல் பாரிஸ் மாநாட்டில் எடுக்கப்பட்ட முடிவின்படி, 1890 முதல் மே தினம் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாக 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்நாளைக் கொண்டாடினார்.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, உழைப்பவனின் உரிமையை மார்க்கம் நமக்கு வகுத்துத் தந்துவிட்டது. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கைகளால் போர்க்கவசம் செய்தார்கள். நபி மூஸா (அலை) அவர்கள் மத்யனில் பல்லாண்டுகள் பணி செய்தார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்னும் எச்சரிக்கையும் நாம் அறிந்ததே.

குகையில் அகப்பட்ட மூவரின் வரலாற்றை இங்கு நினைவுகூர்வோம். அவர்களில் ஒருவரிடம் வேலை செய்த கூலியாள் தன் கூலியைப் பெறாமலே சென்றுவிட்டான். அவரோ அதைத் தொழிலிலிட்டுப் பெருக்கி வந்தார். நெடுநாள் கழித்து அவன் வந்து கேட்டபோது, கண்முன் நின்ற கால்நடைகள் அனைத்தும் உன்னுடையவையே என்று கூறி ஒப்படைத்தார். அந்த நற்செயலை முன்னிறுத்தி அவர் துஆச் செய்தபோது, குகையின் வாயிலை அடைத்திருந்த பாறை அகன்றது.

இவ்வரலாற்றைப் பலமுறை பயானில் கேட்டவன் நான். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், இதே போன்றதொரு மே தினத்தில், கடையைப் பூட்டிவிட்டுப் பழைய பேரேடுகளைப் புரட்டினேன். பணியை விட்டு நின்றுவிட்ட ஒருவரின் பெயரில் பதினெட்டு நாள் சம்பளம் பாக்கி இருந்தது. அவருடைய ஊரைத் தேடிச் சென்றேன். பணத்தைக் கையில் கொடுத்தபோது, "மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன் முதலாளி" என்றார். அவர் மறக்கவில்லை. மறந்தவன் நான்தான். அவர் மௌத்தாகியிருந்தால், அல்லது நான் மௌத்தாகியிருந்தால், அந்தப் பதினெட்டு நாள் எந்தச் சபையில் விசாரிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிய இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

எனவே வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்நாளில் கணக்கைப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி மே 1 ஊதியத்துடன் கூடிய விடுமுறை. அன்று ஒருவரை வேலை வாங்கினால், இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளத்துடன் மாற்று விடுமுறையோ அளிக்க வேண்டும். கடை ஊழியருக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுவதும் நின்ற கால்கள் சற்றே ஓய்வெடுக்க ஒரு நாற்காலி இடுவதற்கு நமக்குச் சட்டம் வர வேண்டியிருந்தது என்பது வெட்கத்திற்குரியது.

ஜமாஅத்தின் கணக்கும் ஒன்று உண்டு. நாம் உறங்கும்போது ஃபஜ்ருக்கு பாங்கு சொல்லும் மோதினாருக்கு இன்று விடுமுறையில்லை. நாளைக்கு ஐந்து வேளையும் முன்னின்று தொழவைக்கும் இமாமுக்கும் இல்லை. ஒளுச்செய்யும் இடத்தைக் கழுவும் பணியாளருக்கும் இல்லை. அவர்களுக்கு முறைவைத்து வார ஓய்வு அளிப்பதும், மாதப் பிறப்பிலேயே சம்பளம் சேர்ப்பிப்பதும் நிர்வாகத்தின் கடமை. 2009இல் தமிழக அரசு அமைத்த உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தில் தகுதியுள்ள நம் பணியாளர் அனைவரையும் பதிவு செய்வதும் நம் பொறுப்பே.

மேடையமைத்து உழைப்பாளரைப் புகழ்வது எளிது. அவருக்குரியதை அவர் கேட்குமுன் கொடுப்பதே இந்நாளுக்குச் செய்யும் மரியாதை. பிறருடைய உழைப்பின் பாக்கியைச் சுமந்தவர்களாக மறுமையில் நிற்கும் நிலையிலிருந்து வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.