மதிப்பெண் அட்டையும் மக்கள் நலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே எழுத்தராகிய எமக்குச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசத் தகுதி உண்டா என்று சிலர் எண்ணக்கூடும். பதிவேடு எழுதுவது எம் தொழில். அந்த ஒரு தகுதியோடு சில சொல்ல விழைகிறோம்.

வண்டி பத்து நிமிடம் தாமதித்தால் அது பதிவாகிறது, காரணமும் எழுதப்படுகிறது. சுகாதார நிலையத்தில் மருந்து தீர்ந்தால் இருப்பேட்டில் ஏறும். நோயாளி வெறுங்கையோடு திரும்பியது எவ்வேட்டிலும் ஏறாது.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே மதிப்பெண் அட்டை. 2002-இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் கேர் நிறுவனம் இதற்கு ஒரு முறை வகுத்தது. மக்களும் ஊழியரும் தனித்தனியே மதிப்பெண் இடுவர். பின்னர் ஓரவையில் அமர்ந்து, யார் எதை எந்நாளுக்குள் செய்வது என முடிவு செய்வர். நம் நாட்டிலும், 2005-இல் தோன்றிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் கீழ், தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு சோதனையாக நடந்தது. கிராமத்தின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ணத்தால் குறித்தனர். எழுத்தறியாத தாயும் சிவப்பை அறிவாள் அன்றோ!

உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களை வைத்து நடந்து, 2009-இல் வெளிவந்த ஆய்வு, இம்முறையால் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் கூறிற்று. பின்னர் அங்கேயே நடந்த பெரிய ஆய்வில் அப்பலன் காணப்படவில்லை. அட்டை மட்டும் நோயைத் தீர்க்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இனி ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறோம். ஒரு முறை எம் அன்னையாரைச் சுகாதார நிலையம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றோம். கருத்துக் கேட்கும் தாள் மலையாளத்தில் இருந்தது. அன்னையார்க்கு அது படிக்கத் தெரியாது. பணிக்கு நேரமாயிற்றென்று, அவரைக் கேளாமலே எல்லாக் கட்டங்களிலும் 'நன்று' என யாமே குறியிட்டோம். அன்று அவருக்குச் சர்க்கரை மாத்திரை கிடைக்கவில்லை. பொய்க்கணக்கு எழுதியவர் வேறெவரும் அல்லர். பதிவேட்டையே தொழிலாகக் கொண்ட யாமே!

கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளன. ஆதலின் கிராம சபையே நாம் கேட்க வேண்டிய இடம். நம் கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

எனவே நம் சங்கம் தமிழில் ஐந்து கேள்விகள் கொண்ட அட்டை ஒன்றை அச்சிடட்டும். மருத்துவர் இருந்தாரா? மருந்து கிடைத்ததா? காத்திருந்தது எவ்வளவு நேரம்? மருந்துண்ணும் முறையைத் தமிழில் விளக்கினார்களா? குடிநீரைச் சோதித்தார்களா? வீடுதோறும் தாய்மார்களே குறியிடட்டும். ஊழியர்களும் தம் குறைகளை எழுதட்டும். ஆள் பற்றாத இடத்தில் அவர்களை மட்டும் பழிப்பது அறமன்று. இரண்டையும் கிராம சபையில் வைப்போம். அடுத்த சபையில் விடை கேட்போம்.

எம் அன்னையாரின் அட்டையை இம்முறை அவர் சொல்லச் சொல்ல எழுதுவோம். நீங்களும் அவ்வாறே செய்வீர்களாக.