காய்ச்சலின்போது காதையும் கேளுங்கள்



இந்தக் கருத்தரங்கு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நடப்பது பொருத்தம். சற்று வடக்கே டான் டோக் செங் மருத்துவமனை. 2003இல் சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது அது. அருகிலேயே 2019இல் திறக்கப்பட்ட தேசியத் தொற்றுநோய் நிலையம். கிருமியை இந்த வட்டாரம் நன்றாக அறியும். அது காதுக்குள் புகுவதைத்தான் நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

2020இல் கோவிட் பரவியபோது, தங்கும்விடுதிகளில் வசித்த வெளிநாட்டு ஊழியர்கள் தங்கள் உடல்வெப்பத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிந்தார்கள். பிறகு ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவையும் பதிந்தார்கள். நோயாளி தன்னைத் தானே அளக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். செவியையும் அப்படி அளக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ஹியர்ஹூ’ செயலியில், இரைச்சலுக்கு நடுவே மூன்று இலக்கங்கள் ஒலிக்கும். கேட்டதை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமே கணக்கு என்பதால் ஒலிபுகா அறை தேவையில்லை. அதற்காக ஞாயிறு மாலையில் தேக்காச் சந்தையில் நின்று செய்யாதீர்கள்!

ஆனால் இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. பொன்னுக்குவீங்கியால் கேள்விக்குறை வந்தால், பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். இரு காதுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்தால் நல்ல காது மற்றதன் குறையை மறைத்துவிடும். ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். சளியடைப்பா, உட்காதுப் பாதிப்பா என்பதையும் இந்த இலக்கச் சோதனை தெளிவாகப் பிரிக்காது. வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். மந்தமான காதில் ஓசை பலத்துக் கேட்டால் அடைப்பாக இருக்கலாம். நல்ல காதின் பக்கம் சாய்ந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். திடீர் உட்காதுக் கேள்வியிழப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். ‘சளிதான், தானாகச் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதில் அந்த நாள்கள் கழிந்துவிடுகின்றன.

நலமாக இருந்தபோது எடுத்த அளவு இல்லாமல், மாற்றம் என்று எதைச் சொல்வது? கட்டுமானத் தளத்தில் பல ஆண்டுகள் உழைத்தவரின் செவி, காய்ச்சலுக்கு முன்பே இரைச்சலால் தேய்ந்திருக்கக்கூடும். முன்னளவு இல்லாவிட்டால் பழியெல்லாம் கிருமியின் தலையில் விழும். இன்று வாசிக்கப்படும் கட்டுரைகளில் நான் முதலில் தேடப்போவது இந்த முன்னளவைத்தான்.

மொழியும் குறுக்கே நிற்கிறது. ஒன்று முதல் ஒன்பது வரை நம் இலக்கங்கள் அனைத்தும் உகரத்தில் முடிகின்றன; அவற்றைப் பிரித்தறிய முன்பகுதி கேட்டாக வேண்டும். இரைச்சலில் எது எளிதாகக் கேட்கும், எது அமுங்கும் என்று அளந்து சமன்செய்யாமல், ஆங்கிலச் சோதனையின் அளவுகோலைத் தமிழுக்குப் பொருத்துவது தவறு. இது செவியியலாளர் தனியே முடிக்கும் வேலையன்று. ஒலியியல் அறிந்தோரும், விடுதிகளில் வசிப்போரும் உடன் வேண்டும்.

தமிழ் இலக்கங்களுக்குக் குரல் தர முன்வருவோர் பிற்பகல் அமர்வுக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.