முதியோர் குடியிருப்பும் கடன் பத்திரமும்

(கோடியக்கரையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வூர்க் குழகர் கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனைக் கண்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள், காற்று வந்து மோதும் இக்கடற்கரையில் துணையின்றித் தனித்திருத்தல் தகுமோ என்று மனம் உருகிக் கேட்டனர் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வினா இன்று நம் வீட்டு முதியோரை நோக்கியும் கேட்கத்தக்கதாயிற்று. மக்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அவற்றிற்கு அப்பாலும் வாழ, பெற்றோர் திண்ணையில் தனித்திருக்கின்றனர். ஆதலின், முதியோர்க்கென்றே வீடுகளை நிரையாகக் கட்டி, உணவும் மருத்துவமும் உதவியாளும் அமைத்துத் தரும் கம்பெனிகள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. நம் நாட்டில் கோயம்புத்தூரைச் சூழ்ந்த பகுதி இத்தகைய குடியிருப்புகளுக்குப் பெயர் பெற்றது.

நிற்க. சின்னாட்களுக்கு முன் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு கடிதத்தைக் கொணர்ந்தார். நியூசிலாந்தில் வேலை பார்க்கும் அவர் மைந்தர் எழுதியது. முதியோர் குடியிருப்புக் கம்பெனி ஒன்று வெளியிட்ட கடன் பத்திரத்தில் தம் சேமிப்பை இட்டதாகவும், தந்தையார்க்கென ஒதுக்கிய தொகையையும் அதிலேயே இடலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். “முதியோரைக் காக்கும் தொழில் அல்லவா? கோயில் நிலத்தில் இட்ட விதைபோலப் பழுதின்றி விளையுமன்றோ?” என்றார் பெரியவர். அவ்வினாவிற்கு விடையே இவ்வுரை.

முதற்கண் பங்கும் பத்திரமும் வேறென்று தெளிதல் வேண்டும். பங்கு வாங்குவோர் கம்பெனியின் இலாபத்திலும் நட்டத்திலும் கூட்டாளிகள். பத்திரம் வாங்குவோரோ கடன் கொடுத்தோர். கம்பெனி எவ்வளவு செழித்தாலும் அவர்க்குச் சொல்லிய வட்டிக்குமேல் ஒரு காசும் வாராது. கம்பெனி நொடித்தாலோ அசலுக்கே அச்சம் உண்டு. ஆதலின், “இக்கம்பெனி வளருமா?” என்று கேட்பவர் பங்காளர், “என் பணத்தை எதிலிருந்து திருப்பித் தருவாய்?” என்று கேட்பவரே கடன் கொடுத்தவர். இவ்விரண்டாவது வினாவைப் பலர் கேட்பதில்லை.

நியூசிலாந்தில் இத்தொழில் நடக்கும் முறையைச் சிறிது காண்போம். முதியவர் ஒருவர் பெருந்தொகை செலுத்தி ஒரு வீட்டில் வாழும் உரிமையைப் பெறுகின்றார். வீடு அவர்க்கு உடைமையன்று. வாழ்நாள் உரிமை மட்டுமே. அவர் நீங்கிய பின்னர், பெரும்பாலும் அவ்வீட்டிற்கு வேறொருவர் வந்து பணம் செலுத்திய பின்னரே, நூற்றுக்கு 20 முதல் 30 வரை கழித்துக்கொண்டு எஞ்சியதைக் கம்பெனி திருப்பித் தரும். ஆகவே முதியோர் செலுத்திய பணம் கம்பெனிக்கு வருமானம்போல் தோன்றினும், உண்மையில் பெரும்பகுதி கடனே. 2003-ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டம், குடியிருப்போர் நலனைக் காக்கக் கண்காணிப்பாளர் ஒருவரை வைக்குமாறு விதிக்கின்றது. கம்பெனி வீழுமாயின் குடியிருக்கும் முதியோர் உரிமை முன்னிற்கும். பத்திரக்காரர் அவர்க்குப் பின்னே நிற்பர். இஃது அறமே, ஆயினும் கடன் கொடுப்போர் தாம் வரிசையில் எவ்விடத்து நிற்கின்றோம் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

அந்நாட்டுச் சம்மர்செட் என்னும் கம்பெனி 2017-ஆம் ஆண்டில், ஆறாண்டுத் தவணையும் நூற்றுக்கு 4.78 வட்டியும் கொண்ட பத்திரத்தால் 10 கோடி டாலர் திரட்டியது. அது தவணைப்படி 2023-ஆம் ஆண்டில் முதிர்ந்தது. ரைமன் என்னும் பெருங்கம்பெனி 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் நூற்றுக்கு 2.55 வட்டியில் 15 கோடி டாலர் திரட்டியது. பொதுமக்கள் இவற்றை விரும்பியதற்குக் காரணம் உண்டு. முதியோர் தொகை பெருகுகின்றது. நிலமும் கட்டடமும் கண்ணெதிரே நிற்கின்றன. வட்டி நாள் தவறாது வருகின்றது. ஓய்வூதியத்தோடு சிறிது வட்டியும் வேண்டுவோர்க்கு இவை இனிய குணங்களே.

மற்றொரு சாரார் வேறு கண்ணால் நோக்கினர். இக்கம்பெனிகள் காட்டும் இலாபத்தில் பெரும்பகுதி, கட்டடங்களின் மதிப்பு ஏறியதென்று கணக்கில் எழுதியதே அன்றிக் கையில் வந்த பணமன்று என்பது அவர் கூற்று. உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வயலில் நிற்கும் கதிரைப் பார்த்து இத்தனை மூட்டை தேறுமென்று மதித்தல் ஒன்று. களத்தில் நெல்லை அளந்து பத்தாயத்தில் கொட்டுதல் மற்றொன்று. வட்டியைப் பத்தாயத்து நெல்லால்தான் கொடுக்க முடியும். நிற்கும் கதிரால் கொடுக்க முடியாது. மேலும், வருகின்ற முதியவர் தம் பழைய வீட்டை விற்றுத்தான் இங்கே பணம் செலுத்துவர். ஊரில் வீட்டு விற்பனை மந்தமானால், குடியிருப்பின் வாயிலிலும் மந்தம் வந்து நிற்கும்.

அவ்வச்சம் வீணன்று என்பது பின்னர் விளங்கியது. ரைமன் கம்பெனி 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கடன் சுமையைக் குறைத்தற்பொருட்டு, பங்கொன்று 5 டாலராகப் புதுப்பங்குகள் விற்று 90 கோடி டாலருக்குமேல் திரட்டியது. ஈவு கொடுப்பதையும் நிறுத்தியது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பங்கொன்று 3.05 டாலராக மீண்டும் ஏறக்குறைய 100 கோடி டாலர் திரட்டியது. இவ்விடத்தில் கடன் கொடுத்தோர்க்கும் பங்காளர்க்கும் உள்ள வேற்றுமை தெளிவாகின்றது. அடி முதலில் விழுந்தது பங்காளர் முதுகில். புதிதாக வந்த பங்குப் பணமோ கடன் கொடுத்தோர்க்கு அரணாயிற்று. ஆதலின் கடன் கொடுப்போர் தமக்குப் பின்னே எவ்வளவு பங்குப் பணம் நிற்கின்றது என்று பார்த்தல் வேண்டும்.

இனி வேறோர் இடர். அந்நாட்டு மத்திய பாங்கியின் வட்டி விகிதம் 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நூற்றுக்கு 0.25 ஆக இருந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் 5.5 ஆக உயர்ந்தது. 2.55 வட்டிப் பத்திரத்தை வைத்திருப்பவர் அந்நாளில் அதனை விற்கப் புகுந்தால் முழுவிலை கிடைக்குமோ? கிடையாது. தவணைவரை பொறுத்திருப்பவர்க்குக் குறைவில்லை. இடையில் பணம் வேண்டுபவர்க்கே இழப்பு. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்துக் கூரைகளைப் பெயர்த்துச் சென்ற மறுநாட் காலையை எண்ணிப் பாருங்கள். அன்று நமக்கு வேண்டியது ஆறாண்டு கழித்து முதிரும் பத்திரமோ, கைக்கு எட்டும் பணமோ?

நம் நாட்டிலும் பாடங்கள் உண்டு. 1906-ஆம் ஆண்டில் சென்னை ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தபொழுது, அதன் பெருமையை நம்பிப் பணம் இட்டிருந்த குடும்பங்கள் பல தவித்தன. அத்துயரினின்றே 1907-ஆம் ஆண்டில் இந்தியன் பாங்கி பிறந்தது. 2018-ஆம் ஆண்டில் ஐ.எல்.எப்.எஸ். என்னும் பெருநிறுவனம், மிக உயர்ந்த தரச்சான்று பெற்றிருந்தும், கடன் தவணை தவறியது. பாங்கியில் இட்ட வைப்புக்கு 5 இலட்ச ரூபாய்வரை காப்பீடு உண்டு. கம்பெனிகளின் கடன் பத்திரத்திற்கு அக்காப்பீடு இல்லை. நம் தந்தையாரும் தொண்ணூறுகளில், வாசலில் தெய்வப் படமும் உள்ளே இனிய சொல்லும் உடைய ஒரு நிதி நிறுவனத்தில் ஓய்வுப் பணத்தை இட்டு இழந்தனர். வட்டி எவ்வளவு என்று கேட்டனர். எதிலிருந்து தருவாய் என்று கேட்டிலர்.

ஆதலின் பெரியவர்க்கு நாம் கூறிய விடை இது. மைந்தர் இளையவர், அவர்க்கு வருவாய் உண்டு. தம் சேமிப்பில் ஒரு பகுதியை, தவணைவரை தொடாதிருக்கத் துணிந்து இடுவாராயின் குற்றமில்லை. இடுமுன் நான்கு வினாக்களைக் கேட்கட்டும்: கம்பெனியின் மொத்தக் கடன் எவ்வளவு? நமக்கு முன்னே வரிசையில் நிற்போர் யாவர்? எழுதப்பட்ட இலாபத்தில் கைக்கு வந்த பணம் எவ்வளவு? காலியாக நிற்கும் வீடுகள் எத்தனை? தந்தையார்க்கென ஒதுக்கிய தொகையை மட்டும் அதில் இடவேண்டா. அது மருந்துக்கும் புயலுக்கும் உரிய பணம். கூப்பிட்டவுடன் வருதல் வேண்டும்.

அன்பர்களே, முதியோரைக் காத்தல் அறம். அதனை நடத்தும் கம்பெனிக்குக் கடன் கொடுத்தல் வாணிகம். அறத்தின் நிறம் கண்டு வாணிகத்தின் கணக்கை மறந்துவிடுதல் நமக்குத் தகாது. அதுபோலவே, பத்திரத்திற்கு வட்டி வருகின்றதென்று தந்தையார்க்கு எழுத வேண்டிய கடிதத்தை மறந்துவிடுதலும் தகாது. அப்பெரியவர் நம் விடையைக் கேட்டு முடித்தபின், “பணத்தைப் பற்றி எழுதியவன், எப்பொழுது வருவான் என்று எழுதவில்லையே” என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களும், அயல்நாடுகளில் இவ்விதழைப் படிக்கும் நம் மக்களுமே அவ்விடையைத் தருதல் வேண்டும்.